வெப்பமானிக்குத் தெரியாத வெப்பம்

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம் பக்கம் போகிறவர்கள், தருவைகுளம் தாண்டி வைப்பாற்றை நெருங்கும்போது இரண்டு விதமான வண்டிகளைப் பார்க்கலாம். தார்ப்பாய் போட்டு மூடிய உப்பு லாரி ஊரைவிட்டு வெளியே போகும். அடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஐஸ் ஏற்றிய வண்டி கடற்கரைக்கு வரும். முன்னது தண்ணீரைத் துரத்திவிட்டுக் கிடைத்த சரக்கு, பின்னது தண்ணீரையே உறைய வைத்த சரக்கு. இரண்டிலும் உண்மையான செலவு வெப்பம்தான். உப்புக்கான வெப்பத்தைச் சூரியன் கொடுத்துவிட்டுப் போகிறது. ஐஸுக்கு மின்வாரியம் கணக்குப் பார்த்துப் பணம் வாங்குகிறது.

கீழவைப்பார் இந்தச் சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் வருகிற ஊர். போர்ச்சுக்கீசியர் காலத்து முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் வைப்பாறும் ஒன்று. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. இப்போது சுற்றுவட்டாரத்துக்குச் சோறு போடுவது உப்பும் மீனும்.

முதலில் உப்பளத்துக்குப் போவோம். ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. பாத்தி நீரில் வெப்பமானியைத் தோய்த்தால் நாற்பது டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் காட்டும். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்று தோன்றும், கணக்குப் போடும் வரை. இந்தக் கரையில் கோடை நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஏறத்தாழ 6 யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. யூனிட் என்றால் நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட், 3,600 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோஜூல் போதும். பாத்தியில் பத்து சென்டிமீட்டர் நீர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரில் நூறு லிட்டர். விழுந்த வெயில் முழுக்க அதைச் சூடாக்கவே செலவாகியிருந்தால் ஒரே நாளில் 50 டிகிரி ஏறியிருக்க வேண்டும். இரண்டாம் நாள் பாத்தி கொதித்திருக்கும்.

கொதிப்பதில்லை. வெயிலில் ஒரு பகுதி திரும்ப வானத்துக்கே போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு, தண்ணீரைத் தண்ணீராக இல்லாமல் ஆக்கும் வேலையில் கரைந்துபோகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பவை. அந்தப் பிடியிலிருந்து ஒன்றைப் பிய்த்துக் காற்றில் விட ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் மூலக்கூறை வேகமாக ஓட வைக்காது. பிடியை அறுப்பதோடு தீர்ந்துவிடும். வெப்பமானி அளப்பது வேகத்தை மட்டும். அதனால்தான் இந்தச் செலவு அதன் கண்ணில் படுவதில்லை. பாடப்புத்தகத்தில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

எவ்வளவு? முப்பது டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2,430 கிலோஜூல். அடுப்பில் வைத்து நூறு டிகிரியில் ஆவியாக்கினால் 2,257. மெதுவாகக் காய்வது கொதிப்பதைவிடச் சிக்கனம் என்று பலர் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. குளிர்ந்த நீரில் பிடி இன்னும் கொஞ்சம் இறுக்கம், அதனால் அறுக்கும் செலவும் கொஞ்சம் கூடுதல். அடுப்பில் நாம் அவசரப்படுகிறோம், பாத்தியில் சூரியன் அவசரப்படுவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

இனி உப்பின் கணக்கு. ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு 27 கிராம் போல. கடைசியில் வடித்துவிடும் கசப்பு நீரோடு போவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிலோ உப்புக்கு 45 லிட்டர் கடல்நீராவது காய வேண்டும். 45ஐ 2,430ஆல் பெருக்கினால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கிலோஜூல், அதாவது 30 யூனிட். சேதாரமே இல்லாத அடுப்பு ஒன்று இருந்தாலும் ஒரு கிலோ உப்புக்கு ஏழு கிலோ விறகு எரிக்க வேண்டும். அளத்தில் சில ரூபாய்க்குப் போகிற சரக்கு இது.

தூத்துக்குடி மாவட்டத்தில் சுமார் 25,000 ஏக்கரில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் வரை விளைகிறது என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. முழுக்கக் கடல்நீரே என்று வைத்தால் ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் 7,600 கோடி யூனிட். பக்கத்தில் இருக்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையம் தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகளாகக் கட்டப்பட்டது. ஐந்தும் ஒரு நொடி நிற்காமல் ஆண்டு முழுக்க ஓடினாலும் 920 கோடி யூனிட்தான். ஆனால் இங்கே பல அளங்களில் ஆழ்குழாய்க் கிணற்று உவர்நீரைத்தான் இறைக்கிறார்கள். அது கடல்நீரைவிடக் கரிப்பு அதிகம், ஆவியாக்க வேண்டிய தண்ணீர் குறைவு. சரி, மூன்றில் ஒரு பங்குதான் என்று தாராளமாகக் கழித்தாலும் இரண்டரை மடங்குக்கு மேல் நிற்கிறது. வெப்பமும் மின்சாரமும் ஒரே தரத்து ஆற்றல் அல்ல என்று பொறியாளர்கள் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். ஆனாலும் மாவட்டத்தின் மிகப் பெரிய ஆற்றல் நிலையம் எது என்று கேட்டால் நான் புகைபோக்கியைக் காட்ட மாட்டேன்.

அளத்தில் பேச்சே டிகிரியில்தான் நடக்கும். இது வெப்பத்தின் டிகிரி அல்ல, போமே மானியில் பார்க்கும் அடர்த்தியின் டிகிரி. குவளையில் நீரை மொண்டு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டால், நீர் கனக்கக் கனக்கக் குழாய் மேலே எழும்பும். கடல்நீர் மூன்று, மூன்றரை. பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடும்போது பதின்மூன்றை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்குகிறது. இருபத்தைந்தில்தான் முதல் உப்பு. அதற்குள் கடல்நீரின் அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் போன பிறகுதான் ஒரு மணி உப்பைக் கண்ணால் காண முடியும். காற்று அசையாத மதியத்தில் குனிந்து பார்த்தால் நீர்ப்பரப்பில் கடுகு அளவு, மிளகு அளவுச் சதுரங்கள் மிதக்கும். ஒவ்வொன்றும் தலைகீழாகக் கவிழ்த்த பிரமிடு, நடுவில் குழிவு. விளிம்பில்தான் ஆவியாதல், அதனால் விளிம்பில்தான் வளர்ச்சி. லேசாகக் காற்று வீசினால் தளும்பி மூழ்கிவிடும். இருபத்தொன்பது, முப்பது டிகிரியைத் தொட்டதும் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து சரக்கு கசக்கும்.

கரிப்பு ஏற ஏறக் காய்வது மந்தமாகும். உப்பு அயனிகள் தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் மேற்பரப்பிலிருந்து தப்பிப் போகிறவை குறைகின்றன. உப்பு முழுக்கக் கரைந்து நிறைந்த நீரின் ஆவியழுத்தம், நல்ல தண்ணீருக்கு இருப்பதில் முக்கால் பங்குதான். இதிலிருந்து அளத்துக்காரர்களின் தலையெழுத்தையே நிர்ணயிக்கும் ஓர் எண் வருகிறது: 75. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், இருபத்தைந்து டிகிரிப் பாத்தி வெயில் அடித்தாலும் சரியாகக் காயாது. குளிர்ந்த இரவில் காற்றிலிருந்து தண்ணீரை வாங்கவும் செய்யும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதும் இதே எண்ணால்தான். மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும் உப்பு அதற்கும் வெகு முன்பே, முப்பது முப்பத்தைந்து சதவீத ஈரத்திலேயே கசியத் தொடங்கும்.

கருவாட்டைக் காப்பதும் அந்த 75தான். உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த மீனுக்குள் தண்ணீர் இன்னும் கொஞ்சம் இருக்கும். ஆனால் உப்பு அதை முக்கால் அளவுக்கு மேல் விட்டுக்கொடுக்காது. மீனைக் கெடுக்கும் பாக்டீரியாவில் பெரும்பாலானவற்றுக்குத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

ஆக, உப்பளத்துக்கு வெயில் மட்டும் போதாது, வறண்ட காற்றும் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வீசும் கச்சான் அந்த வேலையைச் செய்கிறது. அந்தக் காற்று எங்கிருந்து வறட்சியைச் சம்பாதித்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பின்னால் கச்சானாகும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் மேல் வரும்போது வறண்டது அல்ல, ஆவியால் கனத்தது. அந்த ஆவியின் ஒவ்வொரு கிலோவும் கடலிடமிருந்து 2,430 கிலோஜூலைக் கடனாக வாங்கி வைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறும்போது காற்று குளிர்ந்து, ஆவி துளியாகிறது. துளியாகும் அந்தக் கணத்தில் கடனைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுப்பது கடலுக்கு அல்ல, சுற்றியிருக்கும் காற்றுக்கு. ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் ஆவி துளியானால் அந்தக் காற்று இரண்டரை டிகிரி சூடாகும். தண்ணீர் கேரளத்தில் மழையாக விழுந்துவிடுகிறது. வெப்பம் காற்றோடு மலையைத் தாண்டி நம் பக்கம் வருகிறது. ஈரக்காற்று ஏறும்போது கிலோமீட்டருக்கு ஐந்தாறு டிகிரிதான் குளிர்கிறது. உலர்ந்துபோய் இறங்கும்போது கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி சூடாகிறது. ஏறிய அளவு இறங்கினாலே கிலோமீட்டருக்கு நாலு டிகிரி லாபம். கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, கரிசல் காட்டைப் பொசுக்கிவிட்டு, கடைசியாகக் கீழவைப்பார்ப் பாத்திகள் மேல் வந்து ஈரத்துக்கு வாய் திறக்கிறது.

வைப்பாறும் அதே மலையில் பிறந்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி, பெரும்பாலான மாதங்களில் மணலாகவே இங்கே வந்து சேர்கிறது. கேரளத் தண்ணீரை இந்த ஆற்றுக்குத் திருப்ப பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பு என்று ஒரு திட்டம் பல காலமாகக் காகிதத்தில் இருக்கிறது. தண்ணீர் வருமோ வராதோ, அந்த மழையின் வெப்பம் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வருடாவருடம் வந்துகொண்டிருக்கிறது.

அதே விதி எதிர்த்திசையில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மாவட்டம் பார்த்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. புயல்கூட இல்லை, குமரிக்கடல் பக்கம் நின்ற வளிமண்டலச் சுழற்சிதான். ஒரு சதுர மீட்டருக்கு 950 லிட்டர் தண்ணீர் விழுந்தது என்றால், அதைத் திரட்டியபோது மேகம் வெளியிட்ட வெப்பம் சுமார் 640 யூனிட். அந்த இடத்தில் நூறு நாளுக்கு மேல் விழ வேண்டிய வெயில் அது. அவ்வளவும் அந்த ஊருக்கு மேல் ஒரே நாளில் அவிழ்ந்தது. காற்றை மேலே தள்ளியது அந்த வெப்பம்தான். மேலே போன காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து புது ஈரக்காற்று வந்தது, அதுவும் மழையானது, அதன் வெப்பமும் சேர்ந்தது. மாவட்டத்தின் அளங்கள் வெள்ளக்காடாயின. அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்து போனது. கரைவதற்குப் பெரிய ஆற்றல் வேண்டாம், கிலோவுக்கு 66 கிலோஜூல் போதும். கரைந்ததைத் திரும்ப எடுக்கத்தான் மறுபடியும் ஆவிக்கணக்கு முழுவதையும் கட்ட வேண்டும்.

பாத்திக்குள் நிற்கிறவர்கள் உடம்பிலும் இதே கணக்கு ஓடுகிறது. பலகை பிடித்து உப்பு வாருவது கடினமான வேலை. மணிக்கு ஆயிரம் கிலோஜூல் அளவு உடம்பே வெப்பம் உண்டாக்கும், மேலே வெயில், கீழே உப்பின் கூசும் வெள்ளை. வெளிக்காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால் வெப்பம் வெளியேற ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 2,400 கிலோஜூலைக் கொண்டுபோகும். சொட்டி விழுந்த வியர்வை ஒன்றையும் கொண்டுபோகாது, உப்பும் தண்ணீரும் நஷ்டம் மட்டும். அதனால் கச்சான் மாதங்களில் வாட்டினாலும் வேலை ஓடும். மழைக்கு முன் காற்று நின்று ஈரம் ஏறும் நாட்கள்தான் ஆபத்தானவை, வெப்பமானி இரண்டு டிகிரி குறைவாகக் காட்டினாலும். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கும் வழக்கம் அனுபவத்தில் வந்தது. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தியும் காயாது, கூலியும் கிடையாது. அந்த மாதங்களுக்கென்று 2022 முதல் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுத்து வருகிறது. ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்பது வேறு கணக்கு.

இனி ஐஸ்.

உருகுவதற்கு ஆவியாவதைப் போலப் பெரிய செலவு இல்லை. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல், ஆவிச் செலவில் ஏழில் ஒரு பங்கு. மூலக்கூறுகள் வரிசை குலைகின்றனவே தவிர ஒன்றையொன்று விட்டுவிடுவதில்லை. ஆனாலும் சின்னத் தொகை அல்ல. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து எண்பது டிகிரிக்கு ஏற்றலாம். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர்தான் இதைக் கணக்காகக் கண்டுபிடித்தார். வெயில் வந்ததும் பனி முழுவதும் ஒரே நொடியில் உருகி வெள்ளமாக ஓடாமல் ஏன் நாட்கணக்கில் கிடக்கிறது என்று அவர் யோசித்தார். அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் அமெரிக்க வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் 1833இல் பாஸ்டன் ஏரிப் பனியைப் பாளம் பாளமாக வெட்டிக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். நான்கு மாதப் பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து. ஏற்றிய சுமார் 180 டன்னில் 100 டன் அளவு வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்றே கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

கீழவைப்பார்க் கரையில் ஐஸின் வேலை நேரடியானது. கடல் மேல் முப்பது டிகிரியில் பிடிபடும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 110 கிலோஜூல் போல எடுக்க வேண்டும். கணக்குப்படி மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போதும். படகில் யாரும் அந்தக் கணக்கை நம்ப மாட்டார்கள். மீனும் ஐஸும் சமம் சமம் என்பதுதான் வெப்ப நாட்டு நடைமுறை, ஏனென்றால் பெட்டியின் சுவர் வழியாக வெயில் ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். தங்குகடலுக்குப் போகும் படகுகள் இன்னும் கூடுதலாக ஏற்றும்.

சில்லென்ற தண்ணீர் ஏன் போதாது? ஒரு லிட்டர் பூஜ்ய டிகிரித் தண்ணீர் முப்பது டிகிரிக்கு வருவதற்குள் 125 கிலோஜூல்தான் வாங்கும், வாங்க வாங்கச் சூடாகிக்கொண்டும் போகும். ஐஸ் 334ஐ வாங்கி முடிக்கும் வரை பூஜ்யத்தைவிட்டு நகராது. மீனின் சதை உறையத் தொடங்குவது பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே. அதனால் உருகும் ஐஸ் மீனை உறைய விடாது, கெடவும் விடாது. மின்சாரம், பொத்தான் எதுவும் இல்லாத தெர்மோஸ்டாட். மெஷினில் நொறுக்கிப் போடுவது மீனின் மேல் எல்லா இடத்திலும் படுவதற்காக. பெரிய கட்டியாகவே வைத்தால் இடையில் காற்று நிற்கும், காற்று வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி.

ஐஸ் பெட்டியில் ஒரு கை உப்பு போட்டால் இன்னும் குளிரும் என்பது உண்மைதான். ஐஸும் உப்பும் சரியான விகிதத்தில் கலந்தால் கழித்தல் 21 டிகிரி வரை இறங்கும், குல்ஃபிக்காரர்களின் பானை ரகசியம் அது. மீனுக்கு அது வேண்டாத வித்தை. குளிர் எங்கிருந்தும் புதிதாக வருவதில்லை. ஐஸ் வேகமாக உருகி, உருகத் தேவையான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் மீனிடமிருந்தும் பிடுங்குகிறது. மீனின் தோல் பக்கம் உறைந்து விறைக்கும், ஐஸும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

உப்பு தன் வேலையைக் காட்ட வேண்டிய இடம் ஐஸ் ஆலை. பெரிய தொட்டி நிறைய உப்புநீர், பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே இருந்தும் உறையாமல் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். அதில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை வரிசையாக இறக்கியிருப்பார்கள். தொட்டிக்குள் ஓடும் குழாய்களில் அமோனியா. திரவ அமோனியா ஆவியாக ஒரு கிலோவுக்கு சுமார் 1,300 கிலோஜூல் கேட்கும். அதை உப்புநீரிடம் வாங்க, உப்புநீர் கேனிடம் வாங்க, கேனுக்குள் ஓரத்திலிருந்து நடு நோக்கி ஐஸ் கட்டும். கரைந்திருந்த காற்றும் உப்பும் கடைசியில் நடுவில் மாட்டிக்கொள்வதால் ஐஸ் பாளத்தின் நடுவில் பால் வெள்ளையாக ஒரு கோடு நிற்கும். முப்பது டிகிரித் தண்ணீர் ஒரு டன்னை ஐஸாக்க எடுக்க வேண்டிய வெப்பம் 470 ஆயிரம் கிலோஜூல் போல. அதற்கு மோட்டார் இழுக்கும் மின்சாரம் 60, 70 யூனிட். ஒரு டன் ஐஸுக்கு இவ்வளவு. இரண்டே கால் கிலோ உப்புக்குச் சூரியன் செலவழிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே.

எடுத்த வெப்பம் எங்கே போகிறது? அழுத்தத்தில் சூடான அமோனியா ஆவி கூரைமேல் இருக்கும் குழாய்களுக்கு ஏறுகிறது. பல ஆலைகளில் அந்தக் குழாய்கள்மேல் ஓயாமல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். வழியும் தண்ணீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோக, அமோனியா மறுபடி திரவமாகிக் கீழே இறங்கும். மோட்டாரின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால், கீழே ஒரு டன் தண்ணீர் உறைய, மேலே 300 லிட்டர் அளவு தண்ணீர் காற்றில் போக வேண்டும். கச்சான் வீசும் மாதத்தில் அது சுலபமாகப் போய்விடும். அக்டோபரில் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் கூரைத் தண்ணீரும் பாத்தி நீரைப் போலவே போக மறுக்கும். குழாயில் அழுத்தம் ஏறும், மோட்டார் கூடுதலாக இழுக்கும், அந்த மாதத்து மின்கட்டணத்தில் அது தெரியும்.